72 மணி நேரக் கோடு

பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் பரவும் செப்சிஸ் என்னும் கிருமித் தொற்றைப் பற்றிக் கற்பவர்களுக்கு முதல் பாடத்திலேயே ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். பிறந்து 72 மணி நேரத்துக்குள் செப்சிஸ் வந்தால் கிருமி தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். அதற்குப் பின் வந்தால் மருத்துவமனைச் சூழலிலிருந்தோ வீட்டிலிருந்தோ தொற்றியிருக்க வேண்டும் என்பது அந்தக் கோட்டின் பொருள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெரும்பாலும் பொருந்தியும் வந்தது. அங்கே முதல் மூன்று நாட்களில் குழந்தையைத் தாக்குபவை பெரும்பாலும் தாயின் பிரசவப் பாதையில் குடியிருக்கும் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஈ.கோலியும்தான். ஆகவே கர்ப்பிணியை முன்கூட்டியே பரிசோதித்து, தேவைப்பட்டால் பிரசவ வலியின்போதே பெனிசிலின் கொடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் நோயைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்னும் இரண்டு பழைய, மலிவான ஊசிகளைத்தான் முதலில் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வெகுகாலமாகப் பரிந்துரைத்து வருகிறது. அந்த இரண்டுக்கும் கட்டுப்படக்கூடிய கிருமிகள்தாம் வரும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பரிந்துரைக்குள் இருக்கிறது.

இந்தக் கோட்டின் மீது எனக்கிருந்த நம்பிக்கையைத் தளர்த்தியது தில்லியில் நடந்த ஓர் ஆய்வு. எய்ம்ஸ், சஃப்தர்ஜங், மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த லோக் நாயக் ஆகிய மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் 2011 ஜூலை முதல் 2014 பிப்ரவரி வரை அது நடந்தது. முடிவுகள் 2016இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியாயின. அந்தக் காலத்தில் அங்கே பிறந்த குழந்தைகள் 88,636. அவர்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டு ஆய்வில் இடம்பெற்றவர்கள் 13,530 பேர். இவர்களில் 14.3 விழுக்காட்டினருக்குச் செப்சிஸ் வந்தது; வந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இறந்தார். செப்சிஸ் வந்த சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது. பாடத்தின்படி இவையெல்லாம் தாயிடமிருந்து வந்தவையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இரத்தத்தில் வளர்ந்த கிருமிகளின் பட்டியலில் முதலிடம் பிடித்தது அசினெட்டோபாக்டர், 22 விழுக்காடு. அடுத்தது கிளெப்சியெல்லா, 17. மூன்றாவது ஈ.கோலி, 14. ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிக அரிதாகவே தென்பட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, 72 மணிக்கு முன் வந்த தொற்றிலும் பின் வந்த தொற்றிலும் ஏறத்தாழ அதே கிருமிகளே இருந்தன. கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே கூட்டம்.

அசினெட்டோபாக்டர் மருத்துவமனைகளில் வாழப் பழகிய கிருமி. ஈரத்திலும் வாழும், உலர்ந்த பரப்புகளிலும் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். செயற்கைச் சுவாசக் கருவியின் குழாய், கட்டிலின் கைப்பிடி, மானிட்டரின் பொத்தான் என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். பிறந்து ஒரே நாளான குழந்தையின் இரத்தத்தில் அது வளர்கிறது என்றால், பிரசவ அறைக்கும், குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மருக்கும் இடையிலேயே, முதல் சில மணி நேரத்துக்குள், குழந்தையும் மருத்துவமனையும் சந்தித்துவிட்டன என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். சில சமயம் தாயே மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அந்தக் கிருமியைச் சுமக்கத் தொடங்கியிருக்கலாம்; அப்போதும் தொடக்கம் மருத்துவமனைதான். தில்லியில் கிடைத்த அசினெட்டோபாக்டர்களில் 82 விழுக்காடும், கிளெப்சியெல்லாக்களில் 54 விழுக்காடும், ஈ.கோலிகளில் 38 விழுக்காடும் பல மருந்து எதிர்ப்புக் கொண்டவை. ஐந்து முக்கிய மருந்து வகைகளில் குறைந்தது மூன்றுக்குக் கட்டுப்படாதவற்றையே அந்த ஆய்வு அப்படிக் கணக்கிட்டது. எந்த ஆன்டிபயாடிக்கையும் அதுவரை விழுங்காத, சில சமயம் ஒரு வாய்த் தாய்ப்பாலைக்கூட விழுங்காத குழந்தையின் உடலில் இப்படிப்பட்ட கிருமி இருக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

நான் மருத்துவர் இல்லை. ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, குழந்தைகள் பிரிவிலிருந்து கீழே இறங்கி வரும் கல்ச்சர் பாட்டில்களை வாங்கிக் கருவியில் வைப்பதும், அவை வளர்ந்தால் எடுத்துத் தட்டில் பூசுவதும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து எழுதுவதும் எங்கள் வேலை. வெளியில் இருப்பவர்கள் இந்தப் பரிசோதனையை ஏதோ உறுதியான தீர்ப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் பல ஓட்டைகள் உண்டு. 2 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 160 மில்லிதான். அதிலிருந்து 1 மில்லி எடுக்க வேண்டும் என்பது விதி. நரம்பு கிடைக்காத குழந்தையிடம் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அளவு குறைந்தால் கிருமி இருந்தும் வளராமல் போகும். வளர்ந்தாலும், கருவி மணியடிக்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். கிருமியின் பெயரும் மருந்துப் பட்டியலும் சேர்ந்து ரிப்போர்ட்டாக மேலே போக இன்னும் ஒரு நாள் இரண்டு நாள். செப்சிஸ் வந்த பச்சிளங்குழந்தைக்கு அவ்வளவு அவகாசம் இருப்பதில்லை.

அறிகுறிகளும் கைகொடுப்பதில்லை. பெரியவர்களுக்குக் காய்ச்சல் அடிக்கும். பச்சிளங்குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, உடம்பு சில்லிட்டுப் போகலாம். காலையில் நன்றாகப் பால் குடித்த பிள்ளை மாலையில் சப்ப மாட்டேன் என்கிறது, அழுகை மெலிகிறது, மூச்சு வேகமாகிறது, வயிறு உப்புகிறது. இவை எல்லாமே குறைமாதத்தாலும் வரலாம், சர்க்கரை குறைந்தாலும் வரலாம், குளிராலும் வரலாம். தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் என்பதால், 30 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தை அந்தச் சொத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளாமலேயே வந்துவிடுகிறது. அதன் தோலும் மெல்லியது. இரவு இரண்டு மணிக்கு அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு முன்னால் நிற்கும் பணி மருத்துவர் கையில் இருப்பது சந்தேகம் மட்டுமே. ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே ஊகத்தில் மருந்து தொடங்குகிறார். போன மாதம் அந்த வார்டில் இறந்த குழந்தைக்கு எந்தக் கிருமி வளர்ந்தது என்பது அவர் நினைவில் இருக்கும். ஆம்பிசிலினில் தொடங்க அவருக்குக் கை வராது. அதைவிட வலுவான, கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய மெரோபெனம் எழுதுவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஒரு முடிவு நூறு குழந்தைகளுக்குப் பெருகும்போது என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிறார்கள். ஊகத்தில் மருந்து தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோரின் பாட்டிலில் எதுவும் வளர்வதில்லை. வளரவில்லை என்றதும் மருந்தை நிறுத்த வேண்டும். நிறுத்தத் துணிவு வருவதில்லை, ஏனென்றால் எடுத்த இரத்தம் போதுமானதுதானா என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நாள் ஏழாகும், ஏழு பத்தாகும். மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்குத் தொற்று உறுதியாகாமலே இப்படி நீண்ட நாள் மருந்து கொடுத்தால் குடல் அழுகல் நோயும் மரணமும் கூடுவதோடு தொடர்புடையது என்று அமெரிக்க ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குடியேற வேண்டிய முதல் வாரத்தில் அந்த இடத்தை மருந்து துடைத்து வைக்கிறது. துடைத்த இடத்தில் வார்டில் இருக்கும் எதிர்ப்புக் கிருமி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்படியாக ஒரு படிக்கட்டில் ஏறிக்கொண்டே போகிறோம். ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் போய் செஃபோடாக்சிம் வந்தது. அது போய் பைபெராசிலின்–டாசோபாக்டம். அதற்குப் பின் மெரோபெனம். அதுவும் கேட்காதபோது, 1950களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கொலிஸ்டின். வங்கதேசம், எத்தியோப்பியா, இந்தியா, நைஜீரியா, பாகிஸ்தான், ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் நடந்து 2021இல் முடிவுகள் வெளியான ‘பார்னார்ட்ஸ்’ ஆய்வில், மருந்துப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட கிராம்-நெகட்டிவ் கிருமிகளில் (கிளெப்சியெல்லா, ஈ.கோலி, அசினெட்டோபாக்டர் எல்லாம் இந்த வகைதான்) 97 விழுக்காடு ஆம்பிசிலினுக்கும் 70 விழுக்காடு ஜென்டாமைசினுக்கும் கட்டுப்படவில்லை. பரிந்துரையில் முதலிடத்தில் இருக்கும் இரண்டு மருந்துகளின் நிலை இது. 2018க்கும் 2020க்கும் இடையே 11 நாடுகளில் 3,200க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ‘நியோஆப்ஸ்’ என்ற இன்னொரு ஆய்வு, மருத்துவர்கள் 200க்கும் மேற்பட்ட வெவ்வேறு மருந்துக் கூட்டுகளைப் பயன்படுத்தியதைக் கண்டது. ஒரே நோய்க்கு இருநூறு வகைச் சிகிச்சை என்றால், எது சரி என்று யாருக்கும் உறுதியில்லை என்றுதான் பொருள். அங்கும் அதிகம் வளர்ந்த கிருமி கிளெப்சியெல்லா நிமோனியே.

மெரோபெனம் ஏன் தோற்கிறது என்பதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியாவுக்கு வந்துபோன ஒரு ஸ்வீடன் நாட்டு நோயாளியிடமிருந்து 2008இல் எடுத்த கிளெப்சியெல்லாவில், மெரோபெனம் உள்ளிட்ட கார்பபெனம் வகை மருந்துகளை உடைத்துப் போடும் ஒரு புதிய நொதி கண்டறியப்பட்டு, அதற்குப் புது தில்லியின் பெயர் சூட்டப்பட்டது: என்டிஎம்-1. அது ஏதோ ஒற்றைச் சம்பவம் இல்லை, நம் மருத்துவமனைகளில் பரவலாகவே இருக்கிறது என்று 2010 ஆகஸ்டில் உலகுக்குச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து 44 மாதிரிகளும் ஹரியானாவிலிருந்து 26 மாதிரிகளும் அந்த நொதியைக் கொண்டிருந்தன. இந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் கழன்று போகக்கூடிய வளையத்தில் அமர்ந்திருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, இனம் விட்டு இனத்துக்கும், தாவிச் செல்லும். அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, தில்லியில் சோதித்த 171 தெருநீர்த் தேக்க மாதிரிகளில் 51இலும், 50 குழாய் நீர் மாதிரிகளில் 2இலும் அந்த மரபணு இருந்தது. நாடாளுமன்றம் வரை எழுந்த கோபமெல்லாம் தலைநகரின் பெயரை ஏன் வைத்தார்கள், மருத்துவச் சுற்றுலாவுக்கு எதிரான சதியா என்பதைச் சுற்றியே இருந்தது. பெயரைப் பற்றிய அந்தச் சண்டையில் கால்வாசியாவது குழாய் நீரைப் பற்றி நடந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

இங்கே ஒரு சங்கடமான வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2005இல் ஜனனி சுரக்ஷா யோஜனா தொடங்கியது. மருத்துவமனையில் பிரசவித்தால் தாய்க்குப் பணம். 2005–06இல் நாடு முழுவதும் 39 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2019–21இல் 89 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை கோடிப் பெண்களின் பிரசவ இடம் மாறியது உலக அளவிலேயே பெரிய மாற்றம். 2003இல் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் எளிய கருவிகளோடு தொடங்கிய சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவு முன்மாதிரியாகி, இன்று மாவட்டந்தோறும் அத்தகைய பிரிவுகள் இருக்கின்றன. பலன் இல்லாமல் இல்லை: பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் 2005இல் ஆயிரத்துக்கு 37 ஆக இருந்தது 2020இல் 20 ஆனது, தமிழ்நாட்டில் அது இன்னும் குறைவு, ஒற்றை இலக்கம். வீட்டிலேயே பெற்றிருக்கலாம் என்று யாரும் என் வாயில் சொற்களைத் திணிக்க வேண்டாம். ஆனால் தாய்மார்களை அழைத்து வந்த வேகத்தில் செவிலியர்களும் குழாய்களும் கட்டில்களும் வரவில்லை. ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகள், இரவுப் பணியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், முழங்கையால் திறக்க வேண்டிய குழாயில் தண்ணீர் வராததால் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இதைப் பார்க்காதவர்கள் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குள் போகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் தரை பளபளக்கும். பாட்டிலில் வளர்வது என்னவோ அதே கிருமிதான்.

ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குக் கிருமி போகும் வழிகளில் மர்மம் எதுவும் இல்லை. சளி உறிஞ்சும் குழாயைக் கழுவ வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணம். சிக்கனத்துக்காக ஒரே ட்ரிப்ஸ் பாட்டிலிலிருந்து பல குழந்தைகளுக்கு ஊசியில் உறிஞ்சி எடுப்பது. திறந்த மருந்துக் குப்பியை அடுத்த வேளைக்கு வைத்திருப்பது. நரம்பில் செருகும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் போடும்போது, நரம்பைத் தடவிப் பார்க்கக் கையுறையின் விரல் நுனியைக் கிழித்துக்கொள்ளும் பழக்கம். கை கழுவும் தொட்டியின் வடிகால். கிளெப்சியெல்லாவுக்கு வடிகால் தாய்வீடு. தண்ணீர் வேகமாக விழும்போது அங்கிருந்து தெறிக்கும் துளிகள் பக்கத்தில் மருந்து கலக்கும் மேசையை எட்டும். 2019 இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டெம்பிசா மருத்துவமனையில் கார்பபெனத்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா பரவி 10 குழந்தைகள் இறந்தபோதும், விசாரணையில் எழுந்தவை நெரிசல், ஆள் பற்றாக்குறை, கை சுத்தம் என்னும் பழைய விஷயங்களே. உலகெங்கும் உள்ள சுகாதார நிலையங்களில் ஏறத்தாழ பாதியில், நோயாளியைத் தொடும் இடத்தில் கை சுத்தம் செய்யும் வசதியும் கழிப்பறையில் தண்ணீரும் சோப்பும் ஒருசேரக் கிடைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் கூட்டாக அறிவித்தன. சோப்பு செய்ய வேண்டிய வேலையை மெரோபெனத்திடம் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

கிருமிகளின் மருந்து எதிர்ப்பு என்றாலே மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடும் பொதுமக்களைத் திட்டுவது நம் ஊரில் வழக்கம். 2014 மார்ச்சில், சில மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்தும் அட்டவணை எச்1 நடைமுறைக்கு வந்தது; பின்னர் மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடும் வந்தது. அதற்கு முந்தைய உந்துதல்களில், மருந்து எதிர்ப்பைத் தடுக்க மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட 2012இன் சென்னைப் பிரகடனமும் ஒன்று. நல்ல முயற்சிகள்தாம், விற்பனையைக் கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் பச்சிளங்குழந்தைச் செப்சிஸைப் பொறுத்தவரை அந்தத் திட்டு தவறான வாசலில் போய் நிற்கிறது. அந்தக் குழந்தை எந்தக் கடையிலும் எதுவும் வாங்கவில்லை. சேனைத் தண்ணீர் வைத்த பாட்டியையும் கழுதைப்பால் புகட்டிய அத்தையையும் நாம் கண்டிக்கிறோம். கண்டிக்க வேண்டியதுதான், தாயின் சீம்பாலைத் தவிர வேறெதுவும் அந்த வாய்க்குள் போகக் கூடாது. ஆயினும் பாட்டியின் சங்கில் இருந்த கிருமி பழைய மருந்துகளுக்கே கட்டுப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். மெரோபெனத்தை உடைக்கும் கிருமி எந்தப் பாட்டியின் அடுக்களையிலும் வளர்க்கப்பட்டதில்லை.

பழைய மருந்துகளே போதுமாக இருந்த ஒரு காலத்தையும் இடத்தையும் நினைத்துப் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மருத்துவமனை எட்டாத கிராமங்களில், அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி நடத்தும் ‘சர்ச்’ அமைப்பு 1990களின் நடுவில் ஒரு காரியம் செய்தது. ஓரளவு படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கே போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கவும், செப்சிஸ் அறிகுறிகளை எண்ணிக் கண்டுபிடிக்கவும், பெற்றோர் மருத்துவமனைக்குப் போக முடியாது என்றால் அந்த இடத்திலேயே ஜென்டாமைசின் ஊசி போட்டு கோட்ரைமாக்சசோல் திரவம் கொடுக்கவும் வைத்தார்கள். 1999இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 62இலிருந்து 25 அளவுக்கு இறங்கியது. செப்சிஸ் வந்த குழந்தைகளில் இறந்தவர்களின் பங்கு 16.6 விழுக்காட்டிலிருந்து 2.8 விழுக்காடானது. தில்லி ஆய்வின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நால்வரில் ஒருவர் என்பதோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. அங்கே வந்து சேரும் குழந்தைகள் இன்னும் சிறியவர்கள், இன்னும் நோயுற்றவர்கள். ஆனாலும், மிக மலிவான மருந்து, மண் வீட்டுத் திண்ணையில், எட்டாவது படித்த பெண்ணின் கையால் போடப்பட்டு வேலை செய்தது என்பது மறக்கக் கூடாத தகவல். அந்தக் கிருமிகள் வார்டுக்குள் பயின்றவை அல்ல.

புதிய மருந்து வந்தால் தீர்ந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். 2000க்குப் பிறகு பெரியவர்களுக்காக ஒப்புதல் பெற்ற 40 ஆன்டிபயாடிக்குகளில், பச்சிளங்குழந்தைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அளவு தன் குறிப்பில் இருப்பது நான்கே நான்கில்தான். சந்தை சிறியது, பரிசோதனை கடினம், பிறந்த குழந்தையைச் சோதனைக்கு உட்படுத்தச் சம்மதம் கேட்பது இன்னும் கடினம். ஆகவே எந்தக் கம்பெனியும் அவசரப்படுவதில்லை. இப்போது உருப்படியாக நடப்பது பழைய மருந்துகளைத் தூசி தட்டும் முயற்சி. ‘நியோசெப்1’ என்ற பன்னாட்டுச் சோதனையில் ஃபாஸ்ஃபோமைசின், ஃப்ளோமாக்செஃப், அமிகாசின் ஆகியவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, இப்போது புழக்கத்தில் இருக்கும் கூட்டுகளோடு ஒப்பிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவும் கென்யாவும் முதலில் தொடங்கின. அதில் நல்ல முடிவு வந்தால் மெரோபெனத்தின் சுமை கொஞ்சம் குறையும். கிளெப்சியெல்லாவுக்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடிய தடுப்பூசி பற்றியும் பேசுகிறார்கள். நான் எதிர்பார்ப்போடுதான் இருக்கிறேன்; ஆனால் அதே வடிகாலும் அதே வாளியும் இருக்கும் வார்டில் எந்த மருந்துக்கும் சில ஆண்டுகள்தாம் ஆயுள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருபவை இரண்டு ஆய்வுகள். இரண்டிலும் ஆன்டிபயாடிக் இல்லை. முதலாவது ஒடிசாவில் நடந்தது. பினாகி பாணிக்ரஹி தலைமையில், கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஏழு நாட்கள் லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற நல்ல பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெறும் மாவு. செப்சிஸ் அல்லது மரணம் வந்த குழந்தைகளின் பங்கு 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. 2017இல் நேச்சர் இதழில் இது வந்தபோது நாளிதழ்கள் கொண்டாடின. அவை வீட்டுக்கு அருகில் பிறந்த, ஓரளவு எடையுள்ள, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் என்பதை மறந்து, இதையே 1 கிலோ குழந்தைக்கும் பொருத்திவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளில் அதே விளைவு கிடைக்கும் என்பதற்கு இந்த ஆய்வு சாட்சி இல்லை.

இரண்டாவது, தாயின் மார்பு. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. குழந்தையின் நிலை சீரான பிறகே அதைத் தொடங்க வேண்டும் என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகளை வைத்து, பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று சோதித்தார்கள்; 2021இல் முடிவு வெளியானது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு, உடனடி கங்காரு முறையில் 12 விழுக்காடு. செப்சிஸ் சந்தேகமும் குறைந்தது. குழந்தையின் தோலிலும் குடலிலும் முதலில் குடியேறுவது தாயின் கிருமிகளா வார்டின் கிருமிகளா என்ற போட்டியில் தாய்க்கு இடம் கொடுத்தார்கள் என்பது என் விளக்கம்; இதோடு, செவிலியரின் கைகள் அந்தக் குழந்தையைத் தொட வேண்டிய தடவைகளும் குறைகின்றன.

இந்தியாவில் அந்தச் சோதனை நடந்த இடம் தில்லியின் சஃப்தர்ஜங். அசினெட்டோபாக்டர் முதலிடம் பிடித்த அந்த மூன்று மருத்துவமனைகளில் ஒன்று. இதற்காக அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது: தாய் படுக்க ஒரு கட்டில், அவளுக்குச் சாப்பாடு, கழிப்பறை, அவளுடைய பிரசவப் புண்ணைப் பார்க்க அங்கேயே வந்துபோகும் மகப்பேறு மருத்துவர், அவளுக்கு மாற்றாகக் குழந்தையை அணைத்துக்கொள்ள மாமியாரோ அக்காவோ உள்ளே வர அனுமதி. நம் ஊர்களில் பல மருத்துவமனைகளின் சிசுப் பிரிவுக் கதவில் இன்னும் ‘தாய்மார்கள் பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. தொற்று வராமல் இருக்கவே இந்தக் கட்டுப்பாடு என்று வாசலில் நிற்பவர் விளக்கம் சொல்வார். அதே கதவு வழியாக ஒரு நாளில் எத்தனை பயிற்சி மருத்துவர்களும் எக்ஸ்ரே கருவிகளும் வந்துபோகின்றன என்று கணக்கெடுத்தால் அந்த விளக்கம் நிற்காது.

இன்னொன்று இருக்கிறது, அது என் தொழில் சார்ந்த ஆதங்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எண்கள் எல்லாம் பெரிய நகரத்து மருத்துவமனைகள் அல்லது வெளிநாட்டு நிதியோடு நடந்த ஆய்வுகள் தந்தவை. ஏராளமான மாவட்ட மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு இருக்கும், இரத்தக் கல்ச்சர் செய்யும் ஆய்வகம் இருக்காது. அல்லது ஆய்வகம் இருக்கும், பாட்டில் வாங்க நிதி வந்திருக்காது. பாட்டிலும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைக்க ஆள் இருக்காது. அங்கே எந்தக் கிருமி, எந்த மருந்து என்பது தெரியாமலே நெறிமுறைப்படி ஒரு மருந்து, கேட்காவிட்டால் அடுத்தது, அதுவும் கேட்காவிட்டால் ஆம்புலன்ஸ். அப்படி வந்து சேரும் குழந்தையின் உறையில் ஒரு காகிதம் செருகியிருக்கும். கொடுத்த மருந்துகளின் பெயர்களும் நாட்களும் அதில் இருக்கும், கல்ச்சர் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு கிழித்திருப்பார்கள். நாங்கள் புதிதாக இரத்தம் எடுத்துப் பாட்டிலில் ஊற்றும்போது அந்த உடம்பில் ஏற்கெனவே மூன்று மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்; எனவே பாட்டிலில் எதுவும் வளராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு கல்ச்சர் கருவியும், அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பணியாளர்களும், மாதம் ஒருமுறை ‘நம் வார்டில் வளர்ந்தவை இவை, இவற்றுக்குக் கேட்கும் மருந்து இவை’ என்று ஒரு பக்கம் எழுதிக் குழந்தைகள் பிரிவின் சுவரில் ஒட்டுவதும், கொலிஸ்டின் வாங்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய தொகை கேட்கும் காரியங்கள் அல்ல. அந்த ஒரு பக்கம் இருந்தால் இரவு இரண்டு மணிக்கு நிற்கும் அந்த மருத்துவர், போன மாதம் இறந்த குழந்தையின் நினைவை வைத்து மருந்து எழுத வேண்டியிருக்காது.